சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டிய பதில்

கிரேன்காரருக்கு நாற்பத்தோரு வயதில், ஒரே வாரத்துக்குள், இரண்டு வேலைகள் தேடி வந்தன. அதற்கு முந்தைய பதினேழு வருடத்தில் ஒரு வேலைகூட அவரைத் தேடி வந்ததில்லை. ஒரு கட்டடம் முடிந்தால் கிரேனைக் கழற்றி லாரிகளில் ஏற்றுவார்கள். அந்த லாரி எங்கே போகிறதோ அங்கே அவரும் போவார். அப்படியே பழகிப்போனவர்.

அப்போது அவர் இருபத்திரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் சைட்டில் இருந்தார். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டால் இரண்டு பஸ் மாறி ஏழுக்குள் போய்ச் சேரலாம். கிரேன் கம்பத்தின் உள்ளே இருக்கும் ஏணியில் ஏறிக் கேபினை அடைய இருபது நிமிடம். கேபின் ஒரு சின்னக் குளியலறை அளவு. மூன்று பக்கமும் கண்ணாடி, காலடியிலும் கண்ணாடி. ஏறிவிட்டால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் இறக்கம். சாப்பாட்டுப் பை கயிற்றில் மேலே வரும். சிறுநீருக்கு ஒரு பாட்டில். பேச்சுத் துணைக்கு ஒரு வாக்கிடாக்கி.

அந்த வாக்கிடாக்கிக்குள் இருந்தவர் கொசு. கீழே நின்று, எந்தச் சுமையை எங்கே தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று சொல்லும் சிக்னல்காரர். நாள் முழுக்கக் காதுக்குள் ரீங்காரம் போடுவதால் அந்தப் பெயர். கிரேன்காரரைவிட இரண்டு வயது சின்னவர், ஆனால் தலை முழுக்க நரைத்துவிட்டது. இரண்டு பேரும் ஒரு நாளில் பத்து மணி நேரம் பேசுவார்கள். நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது காலையும் மாலையும் ஐந்து நிமிடம். "எம் பொண்டாட்டிகூட நான் இவ்ளோ பேசினதில்லண்ணே" என்று கொசு சொல்வதுண்டு.

கிரேன்காரருக்கும் அதே கதைதான். எட்டரைக்கு அவர் வீட்டுக்கு வரும்போது ஏழு வயது மகள் தூங்கியிருப்பாள். மனைவி ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். அவளும் கண் செருகிக்கொண்டே சோறு போடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் மூன்று பேரும் ஒன்றாக இருப்பது. அன்றைக்கும் மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவர் கூடத்துப் பாயில் விழுந்தால் அஞ்சு மணிக்குத்தான் எழுந்திருப்பார்.

முதல் வேலை ஒரு திங்கட்கிழமை போனில் வந்தது. ஒரு நாள் ரயில் பயணத் தூரத்தில் பெரிய கம்பெனி ஒன்று ஐம்பது மாடியில் இரண்டு கட்டடம் எழுப்பப் போகிறது. இப்போது வாங்கும் சம்பளம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சைட்டிலேயே தங்க வேண்டும், ஓர் அறையில் ஆறு பேர். நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை நாலு நாள் வீட்டுக்கு வரலாம். "உங்களுக்காகத்தான் இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கோம். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க" என்றார் அந்தக் கம்பெனியின் மேனேஜர்.

இரண்டாவது வேலையைப் புதன்கிழமை கொண்டுவந்தவன் மனைவியின் தம்பி. டைல்ஸ் கோடவுன் ஒன்றில் பில் போடுகிறவன். அங்கே பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவதற்கு ஆள் வேண்டுமாம். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒன்பதிலிருந்து ஐந்தரை. சம்பளம் மட்டும் இப்போது வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

"மாமா, மேலயே இருந்து பழகிட்டீங்க. கொஞ்ச நாள் மனுசங்களோட தரையில இருந்து பாருங்க" என்றான்.

மனைவி யோசிக்கவே இல்லை. "என்னைக் கேட்டா கோடவுன்தாங்க. குறையறதை நான் பார்த்துக்கறேன். கடையில இன்னும் ரெண்டு மணி நேரம் சேர்த்து உக்காந்தா போச்சு."

"பொண்ணு படிப்புக்கெல்லாம் என்ன பண்றது? இந்த ஒரு கட்டடம் முடிச்சிட்டா கொஞ்சம் நிமிர்ந்துடலாமே" என்றார் அவர்.

"நிமிர வேணாம். வீட்ல இருங்க."

அவள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் சரி என்று தலையாட்டிவிடத் தயாராக இருந்தார். அவள் அதற்கு மேல் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சம்பளமா, வீடா என்று அவர் தவிப்பதாக வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தவிப்பு அதுவல்ல. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அது போன வாரச் செவ்வாய்க்கிழமை நடந்தது.

மதியம் இரண்டே முக்கால் இருக்கும். வெயில் கண்ணாடியை உடைத்துவிடும்போல அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டுக் கம்பியைக் கொக்கியில் மாட்டித் தூக்கியிருந்தார். அதைப் பதினெட்டாம் தளத்தின் வடக்கு மூலையில் இறக்க வேண்டும். கிரேனின் கையைத் திருப்பும் லீவரை இடது கையால் தள்ளினார். கொசு "மெதுவா, மெதுவா வாங்க" என்றது காதில் விழுந்தது. அடுத்து காதில் விழுந்தது கொசுவின் அலறல்.

"அண்ணே. அண்ணே. நிறுத்துங்க. எங்க போறீங்க. நிறுத்துங்க."

கையை எடுத்தார். லீவர் தானாக நடுவுக்கு வந்தது. சுமை மட்டும் நிற்காமல் ஊஞ்சல் மாதிரி ஆடியது. காலடிக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். கம்பிக் கட்டு வடக்கு மூலையைத் தாண்டி, தளத்தின் நடுவே கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு நேர் மேலே தொங்கியது. மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்தன. எண்ணினார். பதினொன்று.

நடுவில் என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிய ஞாபகம் இல்லை. தூக்கம் வந்த ஞாபகமும் இல்லை. ஒரு படத்தில் நடுவே கொஞ்சம் வெட்டி எடுத்து ஒட்டியது போல, இந்தப் பக்கம் 'மெதுவா வாங்க', அந்தப் பக்கம் 'நிறுத்துங்க'. இடையில் ஒன்றுமே இல்லை. நாலு வினாடியா, பத்து வினாடியா? அவருடைய கை மட்டும் லீவரின் மேல் பிணம் மாதிரி கிடந்து தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது.

"காத்து" என்றார் வாக்கிடாக்கியில்.

பிறகு, "சரிண்ணே, காத்துதான்" என்றது வாக்கிடாக்கி. சாயங்காலம் சூப்பர்வைசர் கேட்டபோதும் கொசு அதையேதான் சொன்னார். பதிவேட்டிலும் அப்படியே எழுதினார். அன்றைக்கு ஒரு பாலித்தீன் தாளை அசைக்கக்கூடக் காற்றில்லை.

அதற்குப் பிறகு தினமும் கிரேன்காரர் மேலே போய் உட்கார்ந்ததும் தொடையைக் கிள்ளுவார். ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொள்வார். இரண்டு மணியானால் எழுந்து நின்றுகொண்டே லீவரைப் பிடிப்பார். ஒவ்வொரு முறை கண் இமைத்தபோதும், இப்போது எவ்வளவு நேரம் போயிற்று என்று திடுக்கிட்டுக் கொக்கியைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது பார்த்தால் தொடை முழுக்க நீலம் நீலமாகக் கன்றியிருக்கும். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "என்ன இது?" என்றாள்.

"ஏணியில இடிச்சுக்கிட்டேன்."

அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவளும் எதையோ சொல்ல வந்து விழுங்கியது போலிருந்தது.

நடுவே வந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று நடந்தது. மதியம் பாயில் அடித்துப் போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தவரின் கால் கட்டைவிரலை யாரோ பிடித்து இழுத்தார்கள். கேபினில் இருக்கிறோம் என்று நினைத்து அலறி எழுந்தார். காலருகே மகள் உட்கார்ந்திருந்தாள். மனைவி மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள்.

"அறிவில்ல உனக்கு? மனுசன் வாரத்துல ஒரு நாள் தூங்கறது பொறுக்கலையா?"

அப்படி அவர் அவளைத் திட்டியதே இல்லை. மகள் அழவில்லை. அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இதற்குப் பிறகுதான் இரண்டு வேலைகளும் வந்தன. ஐம்பது மாடி என்று போனில் கேட்டதுமே அவர் கண் முன்னே அந்தப் பதினொரு தொப்பிகள் வந்தன. கோடவுன் என்று மச்சினன் சொன்னபோது, கடவுளே, தரை என்று நினைத்தார். உயரமும் வெயிலும் பதினைந்து மணி நேர அலைச்சலும்தான் தன்னைத் தின்கின்றன. கீழே இறங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் இரண்டு மடங்குச் சம்பளத்தை எதற்காக வேண்டாமென்றாய் என்று நாளைக்கு மகளோ மனைவியோ கேட்டால்? பயந்துபோய் ஓடிவந்தேன் என்றா சொல்வது?

வெள்ளிக்கிழமை கிரேனுக்கு சர்வீஸ். மதியத்தோடு விட்டுவிட்டார்கள். நேரே கோடவுனுக்குப் போனார். ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று எண்ணம்.

கோடவுன் பெரிய தகரக் கொட்டகை. உள்ளே குளுகுளுவென்றிருந்தது. டைல்ஸ் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவே ஆட்கள் நடக்க மஞ்சள் கோடு போட்ட பாதை. ஃபோர்க்லிஃப்டை அரை மணி நேரத்தில் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். முதலாளியம்மாவே வந்து பார்த்து, "கையில நிதானம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சினனுக்கு வாயெல்லாம் பல்.

"லாரி வந்துக்கிட்டே இருக்கு மாமா. அஞ்சு நிமிசம் அப்படியே உக்காந்திருங்க. ஒரு லோடு இறக்கிக் காட்டிட்டுப் போயிடுங்க."

ஃபோர்க்லிஃப்ட்டின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இன்ஜின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பெண் பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா. மாமா."

மச்சினன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். லாரி வந்து நின்றிருந்தது. பின்கதவைத் திறந்து இரண்டு பேர் மேலே ஏறியிருந்தார்கள். அந்தப் பெண்ணையும் காணோம், ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகளையும் காணோம். இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் கால் பெடலுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

"என்ன மாமா, அதுக்குள்ள குறட்டையே விட்டுட்டீங்க" என்று அவன் சிரித்தான்.

அவர் இன்ஜினை அணைத்தார். இங்கே வெயில் இல்லை. உயரம் இல்லை. தரையில், நிழலில், வந்து ஒரு மணி நேரத்துக்குள். கீழே இறங்கினால் தப்பித்துவிடலாம் என்று அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறும் கையை விட்டுப் போனது. லோடு இறக்கவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

மணி மூன்றேகால். பக்கத்துத் தெருதான் மகளின் பள்ளிக்கூடம். வேறெங்கே போவது என்று தெரியாமல் அங்கே போய் நின்றார். வழக்கமாக அவள் மற்றப் பிள்ளைகளோடு நடந்து அம்மாவின் கடைக்குப் போய்விடுவாள். அப்பா வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சந்தேகம்.

"அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல பாப்பா. சும்மாதான் வந்தேன்."

பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். தெருவோரம் இரண்டு பேரும் நடந்தார்கள். ஒரு சைக்கிள் கடை, பூட்டிய ஒரு வங்கி, தண்ணீர் தேங்கிய பள்ளம். அவள் பள்ளத்தைத் தாண்டிவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்க அந்தப் பெரிய ஊருக்குப் போனா அங்க யாரு எண்ணுவாங்க?"

"என்னத்த?"

"உங்க மூச்ச."

அவர் நின்றுவிட்டார்.

"நீங்க தூங்கறப்ப மூச்சு நின்னு நின்னு வரும்ல. நின்னதும் நானும் அம்மாவும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவோம். அம்மா மாடிக்குப் போனா நான் மட்டும் எண்ணுவேன். முப்பது தாண்டினா கட்டைவிரலைப் பிடிச்சு இழுக்கணும். அன்னிக்கு முப்பத்தி நாலு வரைக்கும் போயிடுச்சு. அதான் இழுத்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னா. நீங்க பயந்துடுவீங்களாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பயமா இருக்காப்பா?" என்றாள்.

"இல்ல" என்றார். அவள் கையை விடாமல் கடையை நோக்கி நடந்தார்.

ஜெராக்ஸ் கடையில் கூட்டமில்லை. மனைவி யாருடைய வீட்டுப் பத்திரத்தையோ நகலெடுத்துக்கொண்டிருந்தாள். மிஷினின் வெளிச்சம் அவள் முகத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போய் வந்தது. கணவனையும் மகளையும் சேர்த்துப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"எத்தனை நாளா எண்ணறீங்க?" என்று கேட்டார்.

அவள் மகளிடம் ஒரு கட்டுப் பழைய தாளைக் கொடுத்து, மூலையில் உட்கார்ந்து வரையச் சொன்னாள். பிறகு லேமினேஷன் தாள்கள் இருந்த இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து இரண்டு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். யாரோ ஒருவரின் மருத்துவ அறிக்கை. பெயர் இருந்த இடத்தை மடித்து மறைத்து நகலெடுத்திருந்தது.

"நாலு மாசம் இருக்கும். ஒரு பெரியவர் ஜெராக்ஸ் எடுக்க வந்தாரு. அவர் வீட்டம்மா சொல்லிக்கிட்டிருந்தாங்க, தூங்கறப்ப மூச்சு நின்னு போயிடுதுன்னு. அப்படியே உங்களைச் சொல்ற மாதிரி இருந்துச்சு. அடுத்தவங்க காகிதம், தப்புதான். ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டேன்."

இரண்டாம் தாளின் கடைசியில் ஒரு வரிக்கு அவளே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். சிகிச்சை பலன் தரும்வரை வாகனமோ இயந்திரமோ இயக்கக் கூடாது என்று எழுதியிருந்தது.

"இதைப் படிச்சதுக்கு அப்புறம் எப்படிங்க உங்ககிட்ட சொல்றது? சொன்னா உங்க வேலை போயிடும். பதினேழு வருசம் வேற எதுவும் தெரியாது உங்களுக்கு. சொல்லலைன்னா..." மூலையில் வரைந்துகொண்டிருந்த மகளைப் பார்த்தாள். "பகல்ல மேல ஒண்ணும் ஆகாது, தூங்கறப்பதானே நிக்குதுன்னு நானே சொல்லிக்கிட்டேன். நாம முழிச்சிருந்து பார்த்துக்கலாம்னு. அந்த ஊருக்குப் போறேன்னதும்தான் கை கால் ஓடல. ஆறு பேர் படுத்திருக்கற ரூம்ல உங்களை யாரு எழுப்புவாங்க?"

அவர் தாளை மடித்தார். மடித்த தாளைத் திரும்பப் பிரித்தார். பிறகு செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னார். பதினொரு தொப்பி என்று சொல்லும்போது அவள் மிஷினைப் பிடித்துக்கொண்டாள். கோடவுனில் நடந்ததையும் சொன்னார்.

"அப்ப நான் நாலு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்ததுல..." என்றாள் மெதுவாக.

"நானும்தான் மூடிக்கிட்டு இருந்தேன்."

அதற்குள் ஒரு பையன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டுமென்று வந்து நின்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிமிர்ந்து உக்காருப்பா" என்று கேமராவை எடுத்தாள்.

சனிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டார். மதியமே அந்த மேனேஜருக்குப் போன் செய்தார். "வீட்டு நிலைமை சரியில்லை சார்" என்றார். மேனேஜர் சம்பளத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். கிரேன்காரருக்கு ஒரு நொடி நாக்கு புரண்டது உண்மை. இரண்டு மாதம் மட்டும் போய்ப் பார்க்கலாமா, யாருக்குத் தெரியப் போகிறது? மனைவி எதிரே நின்று அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல சார்" என்று வைத்துவிட்டார். மச்சினனுக்கும் சொன்னார்கள். அவனுக்குக் கோபம். "முதலாளியம்மாகிட்ட என் மானம் போச்சு" என்று இரண்டு வாரம் பேசவில்லை. நோய் என்று சொன்னதை அவன் சாக்கு என்றே எடுத்துக்கொண்டான்.

இரண்டு வேலையும் போயிற்று. கையிலிருந்த வேலை திங்கட்கிழமை போகப் போகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பாயில் படுக்கவேயில்லை.

திங்கட்கிழமை ஏணியடியில் கொசு காத்திருந்தார். கிரேன்காரர் ஏறவில்லை.

"அன்னிக்குக் காத்து இல்ல" என்றார்.

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா எழுதினே?"

கொசு வாக்கிடாக்கியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "உங்க வேலை போயிடுமேன்னு எழுதிட்டேன். அப்புறம் தினமும் நீங்க ஏறினதுல இருந்து இறங்கற வரைக்கும் எனக்குச் சட்டை நனைஞ்சு போயிடும். ஆளுங்களை எல்லாம் சும்மாவே தள்ளிப் போங்க, தள்ளிப் போங்கன்னு விரட்டிக்கிட்டே இருப்பேன். இன்னிக்கு நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடலாம்னுதான் நின்னேன்."

இரண்டு பேரும் சேர்ந்தே போய் இன்ஜினியரிடம் சொன்னார்கள். அந்த இன்ஜினியர் முப்பது வயதுக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகு நேரம் ஜன்னல் வழியாகப் பதினெட்டாம் தளத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். கிரேன்காரர் தன்னுடைய ஆபரேட்டர் கார்டைக் கழற்றிக் கொடுத்தார். பொய் எழுதியதற்காகக் கொசுவுக்கு ஒரு வாரச் சம்பளம் பிடித்தார்கள். கிரேன்காரரை டாக்டர் சீட்டு கொண்டுவரும்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வைத்தார்கள். காலையில் டாக்டரம்மா நீளமான தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தூங்கினா தொண்டை அடைச்சுக்குது. மூச்சு நின்னதும் மூளை உங்களை எழுப்புது. மணிக்கு நாப்பது தடவை. உங்களுக்கே தெரியாம ராத்திரி பூரா எழுந்துக்கிட்டே இருக்கீங்க. அப்புறம் பகல்ல தூக்கம் வராம என்ன வரும்?"

"இது எத்தனை வருசமா இருக்கும் டாக்டர்?"

"அஞ்சாறு வருசமாவது இருக்கும்."

அவர் மனதுக்குள் அந்த அஞ்சாறு வருடத்தில் கட்டிய கட்டடங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் மதியம் இரண்டே முக்கால் மணி வந்திருக்கும். அப்போதெல்லாம் கீழே யார் யார் நின்றார்களோ.

மூக்கில் மாட்டிக்கொள்ளும் ஒரு மூச்சு மிஷின் கொடுத்தார்கள். குழாயும் முகமூடியுமாக அதை முதல் நாள் மாட்டியபோது மகள் "யானை" என்று சிரித்தாள். அவருக்கோ யாரோ முகத்தைப் பொத்துவது போலிருந்தது. பத்து நாள் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். மனைவி திரும்பத் திரும்ப எடுத்து மாட்டினாள். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் எழுந்தவர், தலை இவ்வளவு லேசாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்ததை உணர்ந்து, கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மூன்று மாதத்துக்கு எந்த இயந்திரத்தையும் ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். இன்ஜினியர் தரையில் ஒரு வேலை போட்டுக் கொடுத்தார். சுமை தூக்கும் கம்பி வடம், கொளுக்கி, பெல்ட் எல்லாவற்றையும் தினமும் தடவிப் பார்த்து, பிரிந்ததையும் தேய்ந்ததையும் ஒதுக்க வேண்டும். சம்பளம் கோடவுனில் தருவதாகச் சொன்னதற்கும் கொஞ்சம் கீழே. ஏழிலிருந்து நாலு, சனி ஞாயிறு லீவு. மனைவி கடையில் சனிக்கிழமையும் முழு நாள் உட்கார ஆரம்பித்தாள். அன்றைக்கு வீட்டில் மகளோடு இருப்பது அவர் பாடு. அவளுக்குத் தலை பின்னத் தெரியாமல் முதல் இரண்டு வாரம் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். மூன்றாவது வாரம் அவரே பின்னினார். வடம் முறுக்குவது போல அவ்வளவு இறுக்கமாகப் பின்னிவிட்டார் என்று அவள் அம்மாவிடம் புகார் சொன்னாள்.

நாலாவது மாதம் டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். மூச்சு மிஷினை ஒழுங்காக மாட்டுகிறவரைக்கும் கிரேன் ஓட்டலாம். இன்ஜினியர் பழைய கார்டை மேஜை மேல் வைத்து, "பழைய சம்பளம், பழைய இடம். நாளைக்கே ஏறலாம்" என்றார்.

மறுநாள் காலை ஏறினார். பாதி ஏணி வரை போனார். அங்கே ஓய்வுக்கான இரும்புத் தட்டில் நின்று கீழே பார்த்தார். மஞ்சள் தொப்பிகள் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தன. நேற்று ராத்திரி நன்றாகத்தான் தூங்கினார். தூக்கம் வராது என்று உடம்புக்குத் தெரியும். ஆனாலும் கால் அடுத்த படிக்கு எழவில்லை. கால் மணி நேரம் நின்றார். பிறகு இறங்கிவிட்டார்.

"கீழயே இருக்கேன் சார்" என்றார் இன்ஜினியரிடம்.

"வீட்டுக்காகவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கேட்க நன்றாகவும் இருந்திருக்கும். "இல்ல சார், பயந்துதான்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி பூரித்துப்போய்ச் சிரிக்கவில்லை. குறைந்த சம்பளம் இனி எப்போதும் குறைந்த சம்பளம்தான் என்பது அவளுக்குத் தெரியும். தட்டை எடுத்து வைத்து, "சரி, சாப்பிடுங்க" என்றாள். அவளுக்கும் பயம் முழுதாகப் போகவில்லை. கரண்ட் போனால் மிஷின் நின்றுவிடும் என்பதால், மழை வந்தால் இன்றைக்கும் அவளால் கண்ணை மூட முடிவதில்லை.

கேபினுக்கு வேறோர் ஆபரேட்டர் வந்தாள். முப்பத்தைந்து வயதுப் பெண். இரண்டு பிள்ளைகள் வீட்டில், ஒன்று கைக்குழந்தை. அவள் ஏணியில் ஏறுவதற்கு முன், வடங்களைப் பார்த்து முடித்த தாளில் கையெழுத்து வாங்க அவர் அவளிடம் போவார். தாளை நீட்டாமல் முதலில் ஒன்று கேட்பார்.

"தூங்கினியாம்மா?"

மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவள் முதல் நாள், "ஏதோ தூங்கினேண்ணே" என்று சொல்லிக்கொண்டே படியில் கால் வைத்தாள்.

அவர் ஏணிக் கதவில் கையை வைத்து மறித்தார்.

"ஏதோன்னா எத்தனை மணி நேரம்?"